சிவப்பு ஸ்டூல் ஏட்டு

லத்தியால் ஆகாத காரியத்தை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலால் முடித்துக் காட்டிய போலீஸ்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கொல்லிமலையில் எங்கள் ஸ்டேஷன் ஏட்டு. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். மலைக்கு அவர் ஸ்டூல் ஏட்டு.

சோளக்காட்டுச் சந்தையில் வாங்கிய சிவப்பு ஸ்டூல். பைக்குக்குப் பின்னால் டியூப் ரப்பரால் கட்டியிருப்பார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் லொடலொடக்கும். திருடன் நிதானமாகக் குளித்துவிட்டே ஓடலாம்.

எங்கே தகராறு என்றாலும் ஸ்டூலை நடுவில் போட்டு, "உக்காருங்க சாமி, சாப்டீங்களா?" என்பார். உட்காராவிட்டால் தானே உட்கார்ந்துவிடுவார். முழங்கால் உயரத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற போலீஸை யாருக்கு அடிக்கத் தோன்றும்?

ஒருமுறை குடித்துவிட்டு பஸ்ஸை மறித்தவரை, பஸ்ஸுக்கு முன்னாலேயே ஸ்டூலில் உட்காரவைத்துக் கதை கேட்டார். கதை அந்த ஆளின் கல்யாணத்தில் தொடங்கியது.

"ஏனுங்க ஏட்டய்யா, வண்டி இன்னைக்கு நாமக்கல் போவுங்களா, இல்ல இவுரு பேரனுக்குக் காது குத்தி முடிச்சப்பறந்தானுங்களா?" என்று கண்டக்டர் கத்தினார். புகார் ஏட்டு மீதுதான் போனது.

உயிர் போகாமல் ஆளை அடக்கும் கருவிகள் என்று சமவெளியில் எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். கேடயம், புகைக்குண்டு, ரப்பர் குண்டு, மிளகாய் ஸ்ப்ரே. சந்தேகம் உண்டா என்று அதிகாரி கேட்டார். ஏட்டு எழுந்தார்.

"ஐயா, இதுல உக்கார்ற மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா?"

ஸ்ப்ரே டப்பாவை என்னிடம் கொடுத்தார்கள்.

பிறகு அந்த நாள். தேவனூர் நாட்டுப் பக்கம், பங்காளிகள் வேலி போட்டு வழியை அடைத்துவிட்டார்கள் என்று பொன்னுசாமி என்கிற மிளகுத் தோட்டக்காரர் கொடுவாளோடு வாசலில் நின்றார். கிட்டே வந்தால் வெட்டுவேன் என்றார். எஸ்.ஐ.யின் கை இடுப்புத் துப்பாக்கிமேல் இருந்தது. இன்னும் ஓரடி முன்னே வைத்தால் பொன்னுசாமி செத்தார்.

ஏட்டு ஸ்டூலைப் போட்டு எங்களுக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் பேச்சு. கொடுவாள் மெல்லத் தாழ்ந்தது. திடீரென்று பொன்னுசாமி நகர்ந்தார். வெட்ட வருகிறார் என்று பயந்து நான் டப்பாவை அழுத்திவிட்டேன். மலைக்காற்று யாரைக் கேட்டு வீசுகிறது? அத்தனையும் ஏட்டின் முகத்தில். ஏற்கெனவே ஆபரேஷன் செய்த கண்கள்.

"அடப்பாவிகளா, உங்க ஆளோட கண்ணையே அவிச்சுப்புட்டீங்களேடா!" என்று கொடுவாளை வீசிவிட்டு உள்ளே ஓடிய பொன்னுசாமி, தண்ணீர்க் குடத்தோடு வந்தார். முகம் கழுவிவிட்டவரின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாத ஏட்டு கேட்டார்: "நீங்க சாப்டீங்களா சாமி?"

ஸ்டேஷனில் எஸ்.ஐ. சொன்னார்: "ஸ்ப்ரே அடிச்சதும் சரணடைஞ்சான்னு எழுதுய்யா."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுதப் படிக்கக் கற்றவன் நான். அழகான கையெழுத்தில் எழுதினேன். மேலதிகாரிகள் மகிழ்ந்துபோய் ஒரு பெட்டி ஸ்ப்ரே அனுப்பினார்கள். அனுமதியில்லாத பொருளை டூட்டிக்குக் கொண்டுபோனதற்கு ஏட்டுக்கு மெமோ வந்தது.

கண் ஆஸ்பத்திரிக்குப் போய் ஏட்டு முன்னால் அழுதேன்.

"பொன்னுசாமி உசுரோட இருக்கானா?"

"இருக்காருங்க."

"அப்பறம் என்ன சாமி? மூஞ்சியத் தொடச்சுக்க."

பார்வை முழுதாகத் திரும்பவில்லை. வேலையை விட்டுவிட்டார். பழைய சாமான்களோடு கிடந்த ஸ்டூலை நான் எடுத்து என் பைக்கில் கட்டிக்கொண்டேன். எனக்கும் மெமோ வந்திருக்கிறது.

லீவு நாளில் அவர் வீட்டுக்குப் போவேன். வாசலில் நிற்பது யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் தெருமுனையில் லொடலொடச் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து குரல் வரும்:

"வா கண்ணு, உக்காரு. சாப்டியா?"