பதினைந்து மீட்டர் மரியாதை

கேபிள் ஒரு சாண் போதவில்லை.

ஹாலில் நாள் முழுக்க அலறுகிற டிவியின் செட்டாப் பாக்ஸிலிருந்து பின்னறை வரை தையல்காரர் சுவரோடு சுவராக டேப் வைத்து அளந்து, பதினைந்து மீட்டர் என்று கணக்காக வாங்கி வந்திருந்தார். ஊரார் சட்டைக்கெல்லாம் உள்தையலுக்குத் துணி விடுகிற மனுஷன், தன் வீட்டு மூலைமுடுக்குக்கு விட மறந்துவிட்டார்.

"பேசாம பாக்ஸைத் தூக்கி உள்ளே வெச்சா என்ன?" என்றாள் மனைவி.

"வெளியில இருந்து வர்ற லைன் ஹாலோட நின்னுடுது. தெரியாம பேசாதே."

பின்னறைக் கட்டிலில் மாமனார் படுத்திருந்தார். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். மகளைப் பார்க்க வந்த இடத்தில் படியில் கால் பிசகி, காலில் கட்டோடு இரண்டு வாரமாக அங்கேதான் வாசம். கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் மாப்பிள்ளையைப் பற்றி அவர் வாயிலிருந்து நல்லதாக ஒரு வார்த்தை வந்ததில்லை. கெட்டதாகவும் வந்ததில்லை. தையல்காரர் மனசை அரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

"இன்னைக்கு நாலு மணிக்கு ஃபுட்பால் ஃபைனல். அவர் படுத்தபடியே பாக்கணும். அப்புறம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாம இருக்காரான்னு பாக்கறேன்," என்றார்.

மாமனாரிடம் காலையிலேயே கேட்டாயிற்று.

"உள்ளே ஒரு டிவி வெச்சுத் தரட்டுமா மாமா?"

"வேண்டாம் மாப்பிள்ளை. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

மாமனார் வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம். இதுகூடப் புரியாதவன் மாப்பிள்ளையாக இருந்து என்ன பிரயோஜனம்? தன் தையல் கடையில் சும்மா கிடந்த பழைய டிவியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரு சாண்தானே. டிவி ஸ்டூலை அறை வாசல் பக்கமாக நகர்த்தினார். கேபிள் எட்டியது. ஆனால் டிவி இப்போது மாமனாரின் தலைக்குப் பின்னால் இருந்தது. கட்டிலைத் திருப்ப வேண்டியதாயிற்று.

"நான் எழுந்துக்கறேன் மாப்பிள்ளை."

"கூடவே கூடாது மாமா. கால்ல பாரம் படக் கூடாது."

ஆளோடு சேர்த்து இழுத்தார். மாமனார் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமியார் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். கட்டில் போய் அலமாரியை அடைத்துக்கொண்டு நின்றது.

"என் மாத்துத் துணி எல்லாம் அதுக்குள்ள இருக்கு," என்றார் மாமனார்.

"நாளைக்கு எடுத்துக்கலாம் மாமா. இன்னைக்கு மேட்ச்."

அடுத்து, டீயோடு வந்த மனைவி தரையில் கிடந்த கேபிளில் கால் தடுக்கினாள். டம்ளர் ஒரு பக்கம், டீ ஒரு பக்கம்.

"இது வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதானே?" என்று தையல் மிஷினை ஹாலுக்கு இழுத்து வந்தார். திரைச்சீலையின் அடிமடிப்புக்குள் கேபிளைச் செருகி ஓட்டுத்தையல் போட்டார். கம்பளத்தின் ஓரத்தையும் மடித்துத் தைத்தார். ஒரு மணி நேரத்தில் கேபிள் இருந்த இடம் தெரியவில்லை. திரைச்சீலையைத்தான் இனிமேல் திறக்க முடியாது. பட்டப்பகலில் ஹாலில் விளக்குப் போட்டார்கள்.

டிவியைப் போட்டால் படம் வரவில்லை.

கேபிள் விற்ற கடைக்காரருக்கு ஃபோன் போட்டார். "சார், நீளக் கேபிள்ல ரெண்டு முனையும் ஒண்ணு இல்ல. ஒண்ணுல பாக்ஸ், ஒண்ணுல டிவின்னு பொடியா எழுதியிருக்கும். மாத்திச் சொருகினா ஜென்மத்துக்கும் படம் வராது."

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். எழுதியிருந்தது. மாற்றித்தான் சொருகியிருந்தார்.

"சட்டையைத் திருப்பிப் போட்டுட்டு வர்றவங்களைப் பாத்து எத்தனை தடவை சிரிச்சிருக்கீங்க," என்று சொல்லி மனைவி பிளேடை நீட்டினாள். போட்ட தையல் அத்தனையும் பிரித்து, முனையை மாற்றி, மறுபடியும் தைத்தார்.

"போதும் மாப்பிள்ளை, விட்டுடுங்க," என்றது உள்ளிருந்து ஒரு குரல். கிட்டத்தட்டக் கெஞ்சல்.

"பாத்தியா, நான் கஷ்டப்படறது அவருக்கு மனசு கேக்கல," என்று தையல்காரர் மனைவியிடம் நெகிழ்ந்தார்.

மூன்றரைக்குப் படம் வந்தது. சத்தம் வரவில்லை. அந்தப் பழைய டிவிக்குத் தொண்டை போய் வெகுநாளாகிறது. அசருவாரா? ஹாலில் இருந்த ஸ்பீக்கரைக் கழற்றினார். வீட்டில் கிடந்த ஒயர்த் துண்டுகளையெல்லாம் முறுக்கி ஒட்டுப்போட்டு ஹால் ஜன்னல் வழியாக வெளியே விட்டு, வீட்டைச் சுற்றிப் பின்னறை ஜன்னலுக்குள் இழுத்தார். வெளியே தொங்கும் ஒயரைக் கொடிக்கயிறு என்று நினைத்து மனைவி அதில் ஈரப் போர்வையைப் போட்டாள். ஒயர் தொய்ந்து, இரண்டு முழம் பின்வாங்கி, மாமனாரின் தலையணை வரைதான் எட்டியது. ஸ்பீக்கரை அங்கேயே, அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்தார்.

சரியாக நாலு மணி. படமும் வந்தது, சத்தமும் வந்தது. மைதானத்து ஜனம் மொத்தமும் மாமனாரின் காதில் கத்தியது. அவர் துள்ளி உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. மாப்பிள்ளையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாப்பிள்ளை, எடுத்த காரியத்தை நீங்க விடவே மாட்டீங்க."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை. தையல்காரர் சந்தோஷம் தாங்காமல் மனைவியை, பக்கத்து வீட்டுக்காரர்களைக்கூடக் கூப்பிட்டார். எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து டிவியிலேயே மூழ்கிவிட்டார்கள். முதல் கோல் விழுந்தது.

"பாத்தீங்களா மாமா?" என்று திரும்பினார்.

தலையணைதான் இருந்தது. வெளியே எட்டிப் பார்த்தால், மாமனார் பிரித்த கட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போய், ஹால் விளக்கை அணைத்துவிட்டு, சத்தமில்லாத அந்த இருட்டில் சோபாவில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா, கால்..." என்று தையல்காரர் பதறி எழுந்தார்.

"கால் போன வாரமே சரியாயிடுச்சு மாப்பிள்ளை," என்றார் மாமியார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த வீட்டுல உங்க டிவி சத்தம் கேக்காத இடம் இந்த ரூம் ஒண்ணுதானேன்னு கட்டைப் பிரிக்காம படுத்திருந்தார்."