மருமகளுக்குக் கொடுத்த மஞ்சள் பூ மாத்திரை

என் மருமகள் மீராவுக்குத் தெரியாமல் அவளுக்கு மருந்து கொடுத்தேன். ஒரு மாதத்துக்கு மேல், தினமும், காலைப் பலகாரத்தோடு. கேட்டபோது வைட்டமின் என்று பொய் சொன்னேன். கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரிந்தால் உங்களுக்கு இன்னும் கோபம் வரும்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் மாத்திரை விநியோகம் என் இலாகா. மனைவி ராஜத்துக்கு ரத்த அழுத்தத்துக்கு, எனக்குச் சர்க்கரைக்கு. (அதை விழுங்கிவிட்டுச் சாயாவில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்வேன்.) மீரா கல்யாணமாகி வந்த புதிது. கடல் ஆராய்ச்சி அவள் வேலை. ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் சில மாதங்கள் போக அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. கர்ப்பிணிகளை அதில் ஏற்ற மாட்டார்கள். என் மகனோ பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வருபவன்.

சாப்பிடும்போது மீரா பேசவே மாட்டாள். பெண்ணுக்கு மனச்சோர்வு என்று நானே தீர்மானித்தேன். (நான் ஓயாமல் பேசியதால்தான் அவள் பேசவில்லை என்பது பின்னால் தெரிந்தது.) அந்தச் சமயத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பி ஒரு குப்பி காப்சூல் தந்தான். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மஞ்சள் பூச்செடியின் சாறு. மனச்சோர்வுக்கு அங்கே சாப்பிடுவார்களாம். பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். உலகில் எல்லாமே இரசாயனம்தான் என்று வகுப்புக்கு வகுப்பு முழங்கியவன், அந்த ஒரு செடிக்கு மட்டும் விலக்கு அளித்தேன்.

“இது எந்தா அப்பா?”

“வைட்டமினாக்கும் மோளே. முழுங்கு.”

படித்த மனுஷர் கொடுக்கிறார் என்று நம்பி முழுங்கினாள்.

ஒருநாள், மாதவிலக்கு அல்லாத நாளில் ரத்தம் படுவதாக அவள் ராஜத்திடம் சொல்லியிருக்கிறாள். ராஜத்துக்கு முட்டி வலி. துணைக்கு நான் போனேன். மருத்துவமனையில் வெளியே உட்கார்ந்திருந்தவனை உள்ளே கூப்பிட்டார்கள். வேறென்ன சாப்பிடுகிறாய் என்று டாக்டரம்மா கேட்க, அப்பா தரும் வைட்டமின் மட்டும்தான் என்று மீரா சொல்லியிருக்கிறாள். எந்த வைட்டமின் என்று என்னைக் கேட்டார்கள். பி வகையைச் சேர்ந்தது என்றேன். வைட்டமின்களின் வரலாற்றைக் கொஞ்சம் விளக்கினேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

“சாரே, பேரு பறயூ.”

பெயரைச் சொன்னேன். மீரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலி இருந்தும் நான் உட்காரவில்லை.

அவள் கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். இந்தச் செடி கல்லீரலை முடுக்கிவிட்டு, அந்த மாத்திரையின் ஹார்மோன்களை வேகமாக அழித்துவிடுமாம். ரத்தம் பட்டது அதனால் இருக்கலாம்; மாத்திரையின் பாதுகாப்பையும் இனி நம்ப முடியாது. காசநோய்க்கும் வலிப்புக்கும் தரும் சில மருந்துகளும் இப்படித்தானாம். இன்றைய சோதனையில் கர்ப்பம் இல்லை, ஆனால் மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் நிச்சயம் என்றார். காப்சூலை நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு வேறு பாதுகாப்பும் வேண்டுமாம். எல்லாவற்றையும் எனக்கும் சேர்த்தே சொன்னார், மெதுவாக, மக்கு மாணவனுக்குச் சொல்வதுபோல.

ஆட்டோவில் பாதி வழியில் மீரா கேட்டாள்.

“நான் கப்பல்ல போகப்படாதுன்னு செஞ்சேளா?”

“இல்லை மோளே.”

“பரண்லேந்து தொட்டிலை இறக்கித் துடச்சு வெச்சேளே அப்பா.”

வைத்திருந்தேன்தான். மெழுகுகூடப் போட்டிருந்தேன். நீ சிரிக்க வேண்டும் என்றுதான் கொடுத்தேன் என்றேன். அது உண்மை. ஆனால் ஒரு மாதம் பொய்யைப் பரிமாறியவனின் உண்மையை யார் வாங்குவார்கள்?

அந்த மூன்று வாரம் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. யூதர் தெருவான ஜூ டவுன் வரை நடப்பேன், படகுத்துறைக்குப் போவேன், திரும்பி வந்து மறுபடி கிளம்புவேன். கடைக்காரர்கள் எதைத் தொலைத்தீர்கள் என்று கேட்டார்கள். முன்பு பேரன் வேண்டும் என்று கேட்ட அதே சந்நிதியில் இப்போது வேண்டாம் என்று வேண்டினேன். அர்ச்சகர் யார் பேருக்கு அர்ச்சனை என்றார். வாயைத் திறக்காமல் திரும்பிவிட்டேன்.

அவள் மாத்திரை சாப்பிடுவது எனக்கு எப்படித் தெரியும் என்று ராஜத்திடம் நியாயம் கேட்டேன்.

“அவ சொல்லணும்னு இல்லை,” என்றாள் ராஜம். “நீங்க குடுத்தது எந்தான்னு சொல்லியிருந்தாப் போதும். அவளே டாக்டர்ட்ட கேட்டுண்டிருப்பா.”

இரண்டாவது சோதனையிலும் கர்ப்பம் இல்லை. மீரா கப்பலேறினாள். போகும்போது ராஜத்தைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் தலையை மட்டும் அசைத்தாள்.

பரிகாரமாக நான் படிக்க ஆரம்பித்தேன், எந்த மருந்து எந்த மருந்தைக் கெடுக்கும் என்று. படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? மீரா திரும்பி வந்தபின் ஒரு குடும்பக் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில், சமீபத்தில் மணமான என் தங்கை மகள் சுதா. வயிறு உப்புசம் என்றாள். அவள் மாமியார் பரிவோடு ஒரு கறுப்பு மாத்திரையை நீட்டினார். கரித்தூள் மாத்திரை. வயிற்றில் மற்ற மருந்து இருந்தால் அதையும் கரி உறிஞ்சிக்கொள்ளும் என்று படித்திருந்தேன். எனக்குக் காது மந்தம். என் ரகசியமெல்லாம் ஊருக்கே கேட்கும்.

“சுதா, நீ கர்ப்பத்தடை மாத்திரை கழிக்கறியோ?”

மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டதுதான், பாயசம் ஊற்றியவர் கரண்டியோடு நின்றுவிட்டார். சுதாவின் மாமியார் என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. சுதா அந்த மாத்திரையை இலை ஓரத்தில் வைத்துவிட்டாள். எதிர் வரிசையில் மீரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கப்பலிலிருந்து வந்த பிறகு, என் முன்னால் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சில நாள் கழித்துச் சுதா தொலைபேசியில் கிசுகிசுத்தாள்: “மாமா, நான் வேறொரு மருந்தும் கழிக்கறேன். புக்காத்துல யார்ட்டயும் பறஞ்சதில்லை.” என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை. இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ என்றேன். மீரா கூடப் போனாள். டாக்டர் கர்ப்பத்தடை மாத்திரையை நிறுத்தி வேறு வழி சொன்னாராம். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

இப்போது எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில், மருந்து சாப்பிடுகிறவர்கள் மாமாவின் வரிசையில் உட்காரக் கூடாது என்று பந்தி தொடங்குமுன் யாராவது ஒருவர் அறிவிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். ஆனால் மீராவிடம் நான் எதைக் கொடுத்தாலும், ஒரு பிஸ்கட் பாக்கெட் ஆனாலும், பின்பக்கம் திருப்பி எழுதியிருப்பதையெல்லாம் படித்த பிறகுதான் பிரிக்கிறாள். அவள் படித்து முடிக்கும்வரை நான் நிற்கிறேன்.