அண்ணாச்சி ஒளித்து வைத்த துணி

காரணம் இல்லாமல் ஒருவர் நம்மிடம் அன்பாகப் பேசினால், காரணம் இன்னும் வெளியே வரவில்லை என்றுதான் அர்த்தம். எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டிய பாடம் இது. அப்பா தராசுத் தட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்க்காமல் கத்தரிக்காய் வாங்கியதில்லை. அம்மா பால்காரரிடம் குசலம் விசாரித்துக்கொண்டே ஒரு சொட்டுப் பாலை நகத்தில் விட்டு, அது நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பாள். அந்த வீட்டிலிருந்து கல்யாணமாகிப் போனவள் நான். "ஒனக்குப் பிடிச்சதா எடும்மா" என்று மாமியார் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அறுபதுகளின் கடைசி அது. நான் அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இவர் (என் வீட்டுக்காரர்) அதே ஊரில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. இவருடைய சொந்த ஊர் திருச்சுழியைத் தாண்டி உள்ளே போகவேண்டிய ஒரு கரிசல்காட்டுக் கிராமம். மாமனார் அங்கே சபைக் கமிட்டியில் முக்கியஸ்தர். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்மஸுக்கு முழுசாக ஒரே பீஸ் துணி எடுப்பார்கள். ஆண்களுக்கெல்லாம் அதில் சட்டை, நாத்தனாருக்குப் பாவாடை, மாமியாருக்கு ரவிக்கை. விடியக்காலை ஆராதனைக்குக் குடும்பமே ஒரே நிறத்தில் போய் நிற்கும். (கூட்டத்தில் யாராவது தொலைந்தால் கண்டுபிடிக்கச் சௌகரியம் என்பது மாமனாரின் விளக்கம்.) அந்தத் துணியை வருஷா வருஷம் மாமியார்தான் எடுப்பார்.

கல்யாணமான வருஷம், கார்த்திகை மாதம் டவுனுக்கு வந்த அத்தை, காபி குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தபடி சொன்னார்: "இந்த வருஷம் கிறிஸ்மஸ் துணி நீயே எடுத்துரும்மா. ஒனக்குப் பிடிச்சதா எடு."

அத்தை பஸ் ஏறிப் போனதும் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கம்மா என்ன அர்த்தத்துல சொல்லிட்டுப் போறாக?"

"ஒனக்குப் பிடிச்சதா எடுக்கச் சொன்னாக."

"அது காதுல விழுந்துச்சு. அதுக்கு உள்ள என்ன இருக்கு?"

"உள்ள ஒண்ணும் இல்ல."

இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்கிறவர் எதையோ மறைக்கிறார் என்று முடிவு செய்தேன். இது பரீட்சை. வந்த மருமகளுக்கு ருசி உண்டா, சிக்கனம் உண்டா, ஏமாறுகிறவளா என்று பார்க்க அத்தை வைத்திருக்கும் பரீட்சை. அதில் தோற்றால் அந்த வீட்டில் ஆயுசுக்கும் நான் பெயிலான பிள்ளைதான்.

பரீட்சை வைத்தே பழகிய எனக்கு, எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அரையாண்டுப் பரீட்சைத் தாள் திருத்துகிறேன் என்று சாக்குச் சொல்லி நாளைக் கடத்தினேன். நடுவில் மாமனார் ஒரு தடவை வந்து, "இந்த வருஷம் ஆராதனைக்குக் கோயில் வாசல்ல பந்தல் போடுதோம்மா. அருப்புக்கோட்டைக்காரருதான் வாராரு. நம்ம கோயிலுக்குன்னே புதுசாத் துணி எடுத்துத் தைக்கிறேன்னிருக்காரு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் சிவப்பு மையும் கையுமாக, "சரி மாமா" என்றேன். அந்த வார்த்தைகளைக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதவேண்டிய அவசியம் வந்திருக்காது.

ஒருவழியாகக் கடைக்குப் போகும்போது பண்டிகை வாசலுக்கு வந்துவிட்டது. ஜவுளி என்றால் எங்கள் ஊரில் தீபாவளிதான். கார்த்திகை, மார்கழியில் அலமாரி பாதி காலியாகத்தான் இருக்கும். தீபாவளிக்குப் போகாத சரக்கையெல்லாம் கிறிஸ்மஸுக்கு நம் தலையில் கட்டிவிடுவார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை. அதனால் கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன்.

"வாங்க டீச்சர்" என்று கடை அண்ணாச்சி இளநீலத்தில் ஒரு பீஸை விரித்துப் போட்டார். "உங்க மாமியா எப்பவும் இந்த மாதிரிதான் எடுப்பாக. நல்ல துணி. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

மாமியாருக்கும் இவருக்கும் என்ன பேச்சு நடந்ததோ? கைக்குட்டையை நனைத்துத் துணியின் ஓரத்தில் தேய்த்தேன். சாயம் ஒட்டவில்லை. நூலைப் பிரித்து இழுத்தேன், அறவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஓட்டையும் இல்லை. ஒரு குறையும் இல்லாத துணியை ஒரு கடைக்காரர் ஏன் தானாக எடுத்துப் போடவேண்டும்? எனக்குச் சந்தேகம் முற்றியது.

அப்போதுதான் அவர் உட்கார்ந்திருந்த மெத்தைக்குப் பின்னால் காக்கித்தாளில் சுற்றிய கட்டுகள் கண்ணில் பட்டன. ஒரு கட்டின் ஓரத்தில் தாள் கிழிந்து, ஊதா நிறம் பளபளவென்று எட்டிப் பார்த்தது. நான் பார்ப்பதைப் பார்த்த அண்ணாச்சி அதைக் கையால் உள்ளே தள்ளினார். சிக்கினார் மனிதர்!

"அது என்ன அண்ணாச்சி?"

"அது ஒண்ணுமில்ல டீச்சர். ஆர்டருக்கு வந்தது. உங்களுக்கு ஆகாது."

"ஏன் ஆகாது? நாங்க உடுத்துனா ஒட்டாதா?"

"அய்யய்யோ, அப்பிடிச் சொல்லல. அது உடுத்துறதுக்கு…"

"யாருக்கு எடுத்து வச்சிருக்கீகன்னு எனக்குத் தெரியும்" என்றேன். (எனக்கு ஒன்றும் தெரியாது. இப்படி ஒரு போடு போட்டால் எதிராளி உண்மையைக் கக்குவான் என்பது அப்பாவின் வழிமுறை.)

அண்ணாச்சியின் முகம் மாறியது. "தெரிஞ்சேதான் கேக்குறீகளா?"

"தெரிஞ்சேதான் கேக்குறேன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "உங்க மாமனாருக்குச் சம்மதம்னா எனக்கென்ன வந்துச்சு" என்று முனகிக்கொண்டே ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். மாமனார் எங்கே இதில் வந்தார் என்று ஒரு கணம் யோசித்தேன். பேச்சை மாற்றப் பார்க்கிறார் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் வந்து பிரித்தால் ஊதாவும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக இருந்தது. ஒவ்வொரு பட்டையும் ஒரு சாண் அகலம். கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் மதுரையில் இப்போது இதுதான் புதுசு போலிருக்கிறது, இல்லாவிட்டால் அண்ணாச்சி ஏன் ஒளிக்கவேண்டும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இவர் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

தையல்காரர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல சட்டையா டீச்சர்?"

"ஏன், தைக்க வராதா?"

"தைக்க வரும். சுத்திவர ஜாலர் வைக்கணுமா?"

கூடுதல் கூலிக்கு அடி போடுகிறார் என்று, "ஜாலரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். துணி வெட்டும்போது பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, விழுந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு விரற்கடை துணிகூட அவருக்கு மிஞ்சவில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் ஊருக்குப் போனோம். பார்சலை பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். நாத்தனார் கிரேஸ் கெஞ்சினாள்.

"மதினி, ஒரு ஓரத்தை மட்டும் காட்டுங்க."

காட்டினால் அத்தையிடம் போய்ச் சொல்வாள். மார்க் முன்னாலேயே விழுந்துவிடும். காட்டவில்லை.

சாயங்காலம் கோயில் வாசலில் பந்தல் போட்டு முடிந்ததென்று தெருவே வேடிக்கை பார்க்கப் போனது. "வாம்மா, நம்மளும் ஒரு எட்டுப் பாத்துட்டு வருவோம்" என்று அத்தை கூப்பிட்டார். என்னை எதற்கு இவ்வளவு பிரியமாகக் கூப்பிடுகிறார்? நான் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் யாராவது பெட்டியைத் திறப்பதற்கா? "முறுக்கு வேகுது அத்தை, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பையும் பெட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி வீட்டிலேயே இருந்துவிட்டேன். இவர் உட்பட மற்ற எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். இவர் பூட்டிய பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் "ம்" என்றார்.

விடியக்காலையில் எல்லோரும் குளித்து வந்து நின்றதும், அரிக்கேன் வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு உருப்படியாக எடுத்துக் கொடுத்தேன்.

மாமனார் சட்டையை விரித்துப் பிடித்தார். எதிரே மண்சுவரைப் பார்த்தார். மறுபடி சட்டையைப் பார்த்தார். கொழுந்தன் சாமுவேல் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். கிரேஸ் தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு மூலையில் திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. அத்தை அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளியதை நான் பார்த்துவிட்டேன். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. பெயில்தான் என்று தெரிந்துவிட்டது. எந்தக் கேள்வியில் தப்பு விட்டேன் என்பதுதான் தெரியவில்லை.

"எல்லாரும் போடுங்க" என்றார் அத்தை. "நம்ம மருமக எடுத்தது." தானும் ரவிக்கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தெருமுனை திரும்பியதும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கோயில் வாசல் தெரிந்தது. பந்தல் தெரிந்தது. பந்தலைச் சுற்றிக் கட்டியிருந்த துணியும் தெரிந்தது. ஊதாவும் மஞ்சளும், சாண் அகலப் பட்டை, கீழே ஜாலர்.

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. அண்ணாச்சி சொல்ல வந்தது, தையல்காரர் கேட்டது, மாமனார் பெருமைப்பட்டது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக மண்டையில் வந்து விழுந்தன. திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். சபை முழுக்க எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் பேச்சை நிறுத்தினார், அடுத்தவர் நிறுத்தினார், அப்புறம் மொத்தக் கூட்டமும் அடங்கிவிட்டது.

பந்தல்காரர் வேகமாக வந்தார். மாமனாரின் சட்டைக் கையை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார்.

"ஐயா, ஒரு பீஸு கொறையுதேன்னு நேத்துப் பூராத் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார் பரிதாபமாக. "அந்தா பாருங்க, வாடைக்காத்துப் பக்கம் மறைப்பே இல்ல."

நிஜம்தான். பந்தலின் வடக்குப் பக்கம் மட்டும் துணியில்லாமல் திறந்து கிடந்தது. மார்கழிக் குளிர்காற்று அந்த வழியாக வந்து, வெள்ளைச் சேலைக் கிழவிகளை நடுங்க வைத்துக்கொண்டிருந்தது.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். விடாமல் இழுத்துக்கொண்டு நேரே அந்தத் திறந்த பக்கத்துக்குப் போனார். திரும்பி நின்று, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"வாங்க எல்லாரும். இந்தப் பக்கந்தான் தெறந்து கெடக்கு. நம்ம பீஸு, நம்மதான் மறைக்கணும்."

மாமனார் வந்து அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தார். இவர், சாமுவேல், கிரேஸ் என்று வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். முதலில் சிரித்தது சபை ஐயர்தான். (பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம்.) அப்புறம் சபையே சிரித்தது. முதல் பாட்டை யாராலும் ஒழுங்காக ஆரம்பிக்க முடியவில்லை. நான் தலைகுனிந்து அழுதுகொண்டிருந்தேன். எப்போது சிரிக்க ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. அத்தை மட்டும் என் கையை விடவே இல்லை.

ஆராதனை முடிந்து வந்து, அடுப்படியில் அத்தை தனியாக இருக்கும்போது கேட்டேவிட்டேன்.

"அத்தை, என்னைய ஏன் துணி எடுக்கச் சொன்னீக? சோதிச்சுப் பாக்கவா?"

"சோதனையா?" அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "வருஷா வருஷம் நாந்தான எடுக்கேன். ஒரு வருஷமாவது இவுகளுக்குப் பிடிச்சிருக்கா? நிறம் சரியில்ல, கெட்டி பத்தலன்னு மாத்தி மாத்தி வசவு. இந்த வருஷம் வசவு வேற ஆளுக்குப் போகட்டுமேன்னுதான் ஒங்கிட்டச் சொன்னேன்."

"நேத்தே பந்தலைப் பாத்துட்டீக. விடியக்காலம் துணியைப் பிரிச்சப்பவே தெரிஞ்சிருக்குமே? ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. அந்நேரத்துல வேற துணிக்கு எங்க போறது?"

அந்த வீட்டில் எனக்கு யாரும் பரீட்சை வைக்கவே இல்லை. வெறும் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு நானே கேள்வி எழுதி, நானே பெயிலாகியிருக்கிறேன்.

அந்தத் துணியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வெயிலுக்கும் மழைக்கும் என்றே நெய்ததல்லவா, கிழியவும் இல்லை, வெளுக்கவும் இல்லை. அத்தை அந்த ரவிக்கையைப் பல கிறிஸ்மஸுக்குப் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தல் போட்டதும் சாமுவேல் என்னைத் தேடி வந்து, "மதினி, பந்தல்ல ஒரு பக்கம் தெறந்திருக்கு, வந்து நில்லுங்க" என்று சொல்லாமல் இலையில் உட்கார மாட்டான். கிரேஸின் பிள்ளைகள் என்னைப் பந்தல் அத்தை என்றேதான் கூப்பிடுகிறார்கள்.

இப்போது எனக்கும் மருமகள் வந்துவிட்டாள். போன கிறிஸ்மஸுக்கு முன்னால், "அத்தை, வீட்டுக்கு என்ன மாதிரி துணி எடுக்க?" என்று கேட்டாள். மனதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளாமல், "ஒனக்குப் பிடிச்சதா எடும்மா" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன். பதறிப்போய், "நெசமாத்தாம்மா சொல்றேன், உள்ள ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

பேப்பருக்குப் பின்னாலிருந்து இவர்தான் தலையை நீட்டினார்.

"எதுக்கும் பந்தல்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடும்மா."