மூட்டைத் தலையில் மன்னர்

கடுகு ஒன்றின்மேல் பல்லாயிரம் நாடுகள் குடியிருக்கும் ஓர் உலகில், உயிரணு நாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே ஈரடியான் புரத மூட்டை சுமந்தான். மூட்டைத் தலையில் சேருமிடச் சீட்டு இருக்கும். அங்கே கொண்டு சேர்ப்பது ஈரடியான் வேலை; சீட்டை வெட்டிவிட்டு மூட்டையை உள்ளே விடுவது வாயிற்காவலன் மாசாணத்தின் வேலை. வெட்டாத மூட்டை பிரியாது.

மன்னர் கருவேந்தர் எல்லாச் சீட்டிலும் தம் படத்தை ஒட்டச் செய்தார். வெட்டும் கோடு படத்தின் கழுத்தில் விழுந்தது. படத்தை வெட்டுவது அரச துரோகம் ஆயிற்று.

கீழைச்சுவரில் அப்போது உப்புநீர் கசிந்தது. சுவரை அடைக்கும் புரதம் நாற்பது மூட்டை வாயிலில் வெட்டப்படாமல் கிடந்தது. சுவரை ஒட்டியிருந்த ஈரடியான் வீட்டில், மனைவி வடிவு அடுப்பைக் கட்டிலின்மேல் ஏற்றியிருந்தாள்.

"வெட்டிவிடுங்க மச்சான். வீட்டுல முழங்கால் தண்ணி" என்று மாசாணத்திடம் கெஞ்சினான் ஈரடியான்.

"ராஜா கழுத்தை நான் வெட்டினா, என் கழுத்தை யாரு மாப்ளே ஒட்டுவா?"

ஈரடியான் அமைச்சர் விதிவாணரிடம் முறையிட்டான்.

"மூட்டைகளின் குவியல் செழிப்பின் அடையாளம். கசிவை, குடிகளின் தாகம் தீர்க்கும் திட்டமாக அரசு ஏற்றுக்கொண்டுள்ளது."

"உப்புக் கரிக்குதுங்க ஐயா."

"உப்பும் இலவசம். நன்றி கூறிவிட்டுச் செல்."

குவியலில் மன்னர் முகம் தெளிவாகத் தெரியவில்லை என்பதே முறையீட்டின் சாரம் என்று அமைச்சர் குறிப்பெழுதினார். மறுநாள் படம் பெரிதாயிற்று. சேருமிடம் அதனடியில் மறைந்தது.

அன்று ஈரடியானுக்கு வந்தது, குப்பைக் கிடங்குக்குரிய, எதையும் கரைக்கும் செரிமானப் புரதம். நெடியிலேயே அவனுக்குத் தெரிந்தது. எனினும், சீட்டைத் தவிர வேறெதையும் நம்பலாகாது என்பது சட்டம். சீட்டில் ஒரே ஒரு முகம் இருந்தது.

"இதை ஏன் அரண்மனையில் இறக்குகிறாய்?" என்றார் அமைச்சர்.

"சீட்டுல இருக்கறவர்கிட்டதான் ஐயா கொண்டாந்தேன். அவரு படத்தை அவரு வெட்டலாம்ல?"

மன்னர் மகிழ்ந்து, சீட்டிலிருந்த தம் கழுத்தைத் தாமே நேர்த்தியாக வெட்டினார். மூட்டை பிரிந்தது. முதலில் மன்னர் கரைந்தார், பிறகு அரியணை. அமைச்சர் வழக்கம்போல் சற்றுத் தள்ளியே நின்றிருந்தார்.

"ஓவியரே, அடுத்த படம்."

"யாருடைய முகம், ஐயா?"

"அது பிறகு. அளவை இப்போதே குறித்துக்கொள்ளும்."

ஈரடியான் வாயிலுக்கு ஓடினான்.

"கத்தியை எடுங்க மச்சான். ராஜா கரைஞ்சுட்டாரு. ஓவியர் இப்பத்தான் தூரிகை கழுவுறாரு."

மாசாணம் மூச்சுவிடாமல் வெட்டினான். முப்பத்தொன்பது மூட்டைகள் உள்ளே சென்றன. நாற்பதாவதன்மேல் கத்தி இறங்குமுன் புதுப் படம் வந்துவிட்டது.

வடிவு அடுப்பைத் தரையில் இறக்கிவிட்டாள். சுவரில் ஓரிடத்தில் மட்டும் இன்றும் கசிகிறது. புதிய அரசு அதைத் தாகம் தீர்க்கும் திட்டத்தின் இரண்டாம் கட்டம் என்கிறது.