கேடயத்தில் காலியாக விட்ட இடம்

பித்தளைக் கேடயம் கடையிலிருந்து வந்துவிட்டது. 'பட்டினியிலிருந்து மீண்ட முதல் குடும்பத்துக்கு' என்ற வரிக்குக் கீழே, பெயர் பொறிக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. நாற்பதாம் ஆண்டு விழாவுக்கு இன்னும் எட்டே நாள்.

மகளிர் சேவைக் குழுவின் தலைவி அதைச் சாப்பாட்டு மேசைமேல் நிறுத்திவைத்துவிட்டு, நாற்பது வருடத்துக்கு முந்தைய தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தை நாலாவது தடவையாகப் படித்தார்.

'முதல் சேவை. நம் தெருவில் ஒரு வீடு. நான்கு பேர். மூன்று நாளாகச் சரியான சாப்பாடு இல்லை. நாம் ஆறு பேரும் முறை வைத்துப் போவது. நாற்பது நாள். அந்த வீட்டு அம்மாளுக்குத் தெரியக் கூடாது. உதவி பெறுகிறவர் பெயரை எழுதவோ சொல்லவோ கூடாது.'

"பேரே இல்லாம வரலாறு எழுதினா யாரு மதிப்பா?" என்றார்.

"அதான் தெரியக் கூடாதுன்னு எழுதியிருக்காங்களே, விட்டுடேன்" என்றார் கணவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அழைப்பிதழ்ல போட்டாச்சுங்க, முதல் பயனாளிக்கு மேடையில மரியாதைன்னு. சொன்னதைச் செய்யலேன்னா நம்ம வீட்டுப் பேரு என்னாறது?"

வீட்டுப் பெயர் அவருக்கு உயிர். விழா மலரில் தலைவியின் கட்டுரையே இப்படித்தான் தொடங்கியது: 'எங்கள் வீட்டுக் கை கொடுத்துப் பழகியது, நீட்டிப் பழகியதில்லை.' மாமியார் இல்லாமல் மாமனார், கணவர், கொழுந்தன் மட்டுமே இருந்த வீட்டுக்கு மணமாகி வந்த புதிதிலேயே, குடும்பம் நடத்தும் நேர்த்தியைக் கற்றுக்கொள்ளத் தெருப் பெண்கள் தம் சமையலறையைத் தேடி வந்ததையும் எழுதியிருந்தார். 'இப்படிச் செஞ்சா சரியா?' என்று கேட்டுக் கேட்டு அவர்களே கிளறி, அவர்களே இறக்கி வைப்பார்களாம். தாம் பக்கத்தில் நின்று திருத்துவாராம்.

முதல் சேவை செய்த அந்த ஆறு பேரில் இப்போது உயிரோடு இருப்பவர் நர்ஸ் அக்கா ஒருவர்தான். வெளியூரில் மகள் வீட்டில் இருந்த அவருக்குத் தலைவி போன் போட்டார்.

"விதி விதிதான் தங்கச்சி" என்றார் நர்ஸ் அக்கா. "விழாவுக்கு வரேன். வாயைத் திறக்க மாட்டேன்."

சரி, நாமே கண்டுபிடிப்போம் என்று கிளம்பினார் தலைவி. கஷ்டப்பட்ட குடும்பம் என்றதும் முனை வீட்டு இஸ்திரிக்கார அம்மாள் நினைவுதான் வந்தது.

"அந்தக் காலத்துல உங்க வீட்ல பட்டினி கெடந்தீங்களாமே? சும்மா சொல்லுங்க, பெருமைதான்."

"யாரு சொன்னது? கரி அடுப்பைத் தூக்கிச் சொமந்தாலும் ஒருத்தர் வாசல்ல போய் நின்னதில்லே நாங்க. இந்தாங்க உங்க துணி!"

கசங்கிய துணி கசங்கினபடியே மூட்டையாகத் திரும்பி வந்தது.

ஆளாளுக்குப் போய்க் கேட்பதால்தான் வம்பு என்று நினைத்து, மண்டபத்துப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்: 'நாற்பது ஆண்டுகளுக்கு முன் இத்தெருவில் பட்டினி கிடந்த நால்வர் குடும்பம் தாமாக முன்வரவும். கூச்சம் வேண்டாம்.'

மறுநாள் காலையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒரு பழைய குடும்பப் படத்தோடு வந்து நின்றார்.

"எண்ணிப் பாருங்கம்மா. எங்க வீட்ல அப்பவே அஞ்சு பேரு."

"உங்களை யாரு சார் சொன்னா?"

"யாரும் சொல்றதுக்கு முன்னாடி காட்டிட்டுப் போறேன்."

சாயங்காலத்துக்குள் இன்னும் ஏழு வீட்டுக்காரர்கள் படத்தோடு வந்துவிட்டார்கள். ஒரு வீட்டார் மட்டும் கணக்குக்குப் பூனையைச் சேர்த்துக்கொண்டார்கள். தெருவில் பட்டினி கிடந்தவர் ஒருவரும் இல்லை. தலைவியோடு முகம் கொடுத்துப் பேசுகிறவரும் இல்லை.

"இப்பவாவது விட்டுடேன்" என்றார் கணவர்.

"உங்களுக்கென்ன, ஒக்காந்து சாப்பிடறவருக்கு!"

அவருக்குப் புரையேறியது.

கடைசியில் மண்டபத்தைக் கூட்டும் அம்மாளைப் பிடித்து, முதல் குடும்பத்தின் சார்பாக மேடையேறிக் கேடயத்தை வாங்கச் சம்மதிக்க வைத்தார் தலைவி. விழாவன்று காலை மேசை துடைக்க வந்தவர் கேடயத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மருமக பாத்துக்கிட்டு இருக்கறப்போ பட்டினிக்காரின்னு நிக்கணுமா நானு? நல்லா இருக்கே நியாயம்!" துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மண்டபம் நிறைந்துவிட்டது. என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று கோபக்காரர்கள் எல்லாரும் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் கேடயம் பளபளத்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. ஆனாலும் தலைவியின் முதுகு வளையவில்லை. ஒலிபெருக்கியைத் தம் பக்கம் இழுத்தார்.

"அக்கா, அந்த அம்மா உயிரோட இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க" என்றார் நர்ஸ் அக்கா.

"இந்த மண்டபத்துல?"

"விதி இருக்கும்மா."

"அப்போ விதியை எடுத்துடறோம். உதவி வாங்கினதுல என்ன அவமானம்? மறைக்கறதுதான் அவமானம்! பேர் சொல்லக் கூடாதுங்கற விதியை ரத்து பண்ணச் சம்மதிக்கிற உறுப்பினருங்க கையைத் தூக்குங்க."

எல்லாக் கையும் உயர்ந்தது. உறுப்பினரே அல்லாத தலைமையாசிரியரின் கையும் உயர்ந்தது. கணவர் மட்டும் எழுந்து, சத்தமில்லாமல் வாசல் பக்கம் நகர்ந்தார்.

நர்ஸ் அக்கா மெல்ல எழுந்து வந்தார். கேடயத்தை இரண்டு கையாலும் எடுத்தார். சபையைப் பார்க்கவில்லை, நேரே தலைவியிடம் வந்து நீட்டினார்.

"பிடிச்சுக்கோ தங்கச்சி. நாங்க யாரும் உன்கிட்டே பாடம் கேக்க வரலே; உன் சமையலைச் சாப்பிட முடியாம உன் மாமனார் எங்ககிட்டே வந்து அழுததாலதான் இந்தக் குழுவையே ஆரம்பிச்சோம்."