உருளாத தோட்டா

"இது சுடுமா?"

ஆறு வருடங்களுக்கு முன்பு, வேலையில் சேர்ந்த அன்று, பழைய மேலாளர் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அவள் தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்பதை அவரும் கவனிக்கவில்லை, அவளும் விளக்கவில்லை.

புது மேலாளர் வந்த மூன்றாம் நாளே அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"தோட்டா எங்கம்மா?"

"வீட்ல இருக்குங்க சார்."

"திருடன் வந்தா அவனை உட்காரச் சொல்லிட்டு வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வருவீங்களா?"

நாளைக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் வாசலில் இருந்த தன் நாற்காலிக்குப் போனாள். வீட்டில் தோட்டா இல்லை. எந்த வீட்டிலும் இல்லை.

அது ஒரு மருந்துக் கிடங்கு. வலியை மறக்கடிக்கும் மருந்துகள் உள்ளே அடுக்கியிருந்ததால், ஆயுதத்தோடு ஒரு காவலாள் இருக்க வேண்டும் என்பது சட்டம். முன்பு அவள் கணவர் காவலிருந்தார். அவருக்கு ரத்தத்தில் வியாதி வந்து படுத்த பிறகு, அவருடைய நாற்காலியும் பெல்ட்டும் கைத்துப்பாக்கியும் அவளுக்கு வந்தன. கிடங்கில் எல்லோரும் அவளைத் துப்பாக்கியம்மா என்று கூப்பிட்டார்கள். சம்பளம் சொற்பம். ஆனால் வேலை செய்பவர்களின் குடும்பத்துக்கு மருந்து இலவசம். அவருக்கு வாரம் ஒரு ஊசி. வேலை போனால் ஊசி போகும், ஊசி போனால் அவர் போவார். அவ்வளவுதான் விஷயம்.

அந்தத் துப்பாக்கி வந்த கதை வேறு. ஓர் ஏலத்தில் அதைத் தூக்கிக் காட்டியபோது ஒருவரும் விலை கேட்கவில்லை. அவள் கணவர் கழுத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டக் கையைத் தூக்கினார். ஈ போய்விட்டது, துப்பாக்கி வந்துவிட்டது. தோட்டா நுழையும் துளை முன்னால் வட்டமாகவும் பின்னால் சதுரமாகவும் இருப்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தார். அப்படிப்பட்ட தோட்டா எந்தக் கடையிலும் இல்லை. வெறும் துப்பாக்கியை இடுப்பில் கட்டிக்கொண்டு பதினோரு வருடம் காவல் காத்தார்.

அன்று மாலை நடந்ததைச் சொன்னாள். அவர் படுத்தபடியே கேட்டார்.

"உன் உதட்டுச் சாயம் இருக்கா?"

கல்யாணத்துக்கு வாங்கி இரண்டே தடவை பூசியது. அதன் பித்தளைக் குழாயை அவர் அளவாக அறுத்தார். டின் தகட்டைச் சதுரமாக வெட்டி அடியில் ஒட்டினார். மெழுகில் முனை செய்து, பென்சில் கரியைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். இத்தனை உற்சாகமாக அவரை அவள் பார்த்துப் பல மாதமாகியிருந்தது.

மேலாளர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்கருகில் கொண்டுபோனார்.

"என்னம்மா, ரோஜா வாசனை அடிக்குது?"

"எண்ணெய் போட்டிருக்குங்க சார்."

அவருக்குத் திருப்தி. திருப்தி அளவுக்கு மீறிவிட்டதுதான் வினை. நம் கிளையின் காவலாள் ஆயுதத்தை மிக நேர்த்தியாகப் பராமரிக்கிறார் என்று தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார். அங்கே வேலையில்லாமல் இருந்த யாரோ ஒருவர் அதைப் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை அதிகாரி ஒருவர் வருவார், பின்கட்டில் மணல் மூட்டை வைத்து அவர் முன்னால் ஒரு குண்டு சுட்டுக் காட்ட வேண்டும், தவறினால் வேறு ஆள் போடப்படும் என்று பதில் எழுதினார்.

"இதை வச்சு மணல் மூட்டைக்கு வேணும்னா உதடு வரையலாம்" என்றார் கணவர். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் பழுதுக்காரர் கடைக்குப் போனாள். பூட்டு, தையல் மெஷின், துப்பாக்கி பழுது பார்க்கப்படும் என்று பலகையில் எழுதியிருந்தது. அவர் துப்பாக்கியைப் பார்த்ததும் சொந்தக்காரனைக் கண்டது போலச் சிரித்தார்.

"இதைச் செஞ்சவர் கதை தெரியுமாம்மா? கோபத்துல கூடப் பிறந்த தம்பியையே சுட்டுட்டாரு. ஜெயில்லேருந்து வந்ததும் இதைத்தான் செஞ்சாரு. முதல் தடவை விசையை அழுத்தினா டிக்குனு சத்தம் மட்டும் வரும். அந்த நேரத்துல மனசு மாறலாம் பாரு. மாறலைன்னா ரெண்டாவது தடவை அழுத்தணும், அப்பதான் வெடிக்கும்."

மேஜையிலிருந்து உருண்டு விழுந்து தொலையக் கூடாது என்று தோட்டாவுக்குச் சதுர அடி வைத்ததும் அவர்தானாம். உருளாத தோட்டா என்று விளம்பரம்கூடச் செய்தாராம். பட்டாளத்தில் சோதனைக்காகப் பத்துப் பேருக்கு இந்தத் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒன்பது பேர் திரும்பி வரவில்லை.

"பத்தாவது ஆளு?"

"அவன் சமையல்காரன்."

அதோடு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். துப்பாக்கிகளை உருக்கினார்கள். தோட்டா செய்து நாற்பது வருடமாகிறது, இனி எங்கேயும் கிடைக்காது என்று பழுதுக்காரர் கையை விரித்தார். அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. பரணில் பழைய டப்பாக்கள் இருக்கின்றன, நாளைக்குத் தேடிப் பார்க்கிறேன் என்றார். பிறகு நினைவு வந்தவராகச் சொன்னார்.

"போன வாரம் ஒருத்தர் இதே துப்பாக்கியை எடுத்துட்டு வந்தாரு. அவரும் தோட்டாதான் கேட்டாரு. தொப்பி போட்டிருந்தாரு, அதிகம் பேசல. திரும்பி வரேன்னிருக்காரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேடுகிற மனுஷனுக்கு எங்காவது ஒன்று கிடைத்திருக்கலாமே. அவர் வந்தால் தன்னிடம் அனுப்பச் சொன்னாள். கிடங்கு வாசலில் காலையிலிருந்து மாலை வரை தான்தான் இருப்பதாகவும், மத்தியானம் ஒரு மணிக்கு மேலாளரைத் தவிர எல்லோரும் சாப்பிடப் போய்விடுவதால் அப்போது வந்தால் தாராளமாகப் பேசலாம் என்றும், தன்னிடம் போட ஒரு தோட்டாகூட இல்லை என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். பழுதுக்காரர் எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் அழகாக எழுதிக்கொண்டார். கிடங்கின் முகவரியை மட்டும் இரண்டு தடவை கேட்டு அடிக்கோடு போட்டார்.

செவ்வாய் போனது. புதனும் போனது. பின்கட்டில் மணல் மூட்டைகள் வந்து இறங்கின.

வியாழக்கிழமை ஒரு மணிக்கு, தொப்பி போட்ட ஒரு ஆள் பையோடு கேட்டருகில் வந்து நின்றான். அவளுக்கு உயிர் வந்தது.

"பழுதுக்காரர் அனுப்பினாருங்களா?"

அவன் கொஞ்சம் தயங்கிவிட்டுத் தலையை ஆட்டினான். அவள் கேட்டைத் திறந்துவிட்டாள். தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உங்களைத்தான் மூன்று நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்தான். அச்சு அசல் அவளுடையதைப் போலவே இருந்தது.

"உங்களோடதுல பிடி நல்லாயிருக்கு" என்றாள். "தோட்டா கொண்டுவந்தீங்களா?"

"சாவி எங்க?" என்றான் அவன்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மேலாளர் தன் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்னால் அவளும் பின்னால் துப்பாக்கியுமாக உள்ளே நுழைந்ததைப் பார்த்துக் கையிலிருந்த கரண்டியோடு இரண்டு கைகளையும் தூக்கினார். வாய் நிறையச் சோறு இருந்ததால் சொல்ல வந்தது சரியாக வரவில்லை. அவளுடைய இடுப்பைக் கரண்டியால் காட்டிச் சுடும்மா, சுடும்மா என்றார்.

"அதுல தோட்டா கிடையாது" என்றான் அவன்.

மேலாளர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வேலை போவது தெரிந்தது. ஊசி போவது தெரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த முதுகு தெரிந்தது. ஆறு வருடமாகக் காத்த ரகசியத்தை ஒரு திருட்டுப்பயல் ஒரு வரியில் சொல்லிவிட்டானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவன்கிட்டதான் கிடையாது சார்" என்றாள்.

அவனைப் பார்த்துத் திரும்பி ஓரடி எடுத்து வைத்தாள். அவன் பின்னால் நகர்ந்தான். இன்னோர் அடி வைத்தாள். அவன் முகம் வெளுத்தது, விரல் இறுகியது.

'டிக்' என்றது துப்பாக்கி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். கிட்டே போய், குழல் முனை நெஞ்சில் இடிக்கும்படி நின்றாள்.

"இது ரெண்டாவது அழுத்துக்குத்தான் வெடிக்குமாம், உனக்குச் சொல்லலையா? இன்னொரு தடவை அழுத்திப் பாரு. வெடிச்சா என் கவலையெல்லாம் அதோட தீரும்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. விரல் விசையின் மேலேயே இருந்தது. சுவர்க் கடிகாரம் நகரும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கையை இறக்கி, துப்பாக்கியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்த வழியே ஓடிவிட்டான்.

மேலாளர் கரண்டியை இறக்க வெகுநேரமாயிற்று.

"உங்ககிட்ட தோட்டா கிடையாதுன்னானேம்மா?"

"திருடன் சொல்றதையா சார் நம்பறீங்க?"

அவர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. மாலைக்குள் தலைமை அலுவலகத்துக்குத் தகவல் போனது. சுட்டபோதும் கண் இமைக்காமல் நின்ற ஒருவருக்குச் சோதனை வைப்பது அவருக்கு அவமரியாதை என்று பதில் வந்தது. வேலை நிரந்தரம் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. கணவரிடம் சொன்னபோது அவர் அந்த 'டிக்' சத்தத்தை மட்டும் நான்கு தடவை சொல்லிக் காட்டச் சொல்லிச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை, பழுதுக்காரருக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனாள். இனி தேட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். திருடனை நாற்காலி போட்டு உட்கார வைத்ததை எந்த இடத்தில் சொன்னால் அதிகம் சிரிப்பார் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள்.

அவர் ஒரு தையல் மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறக்கும் முன்பே நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"வாம்மா. பரண்ல ஒண்ணே ஒண்ணு அகப்பட்டுது, துருகூடப் பிடிக்காத முழுத் தோட்டா. நேத்துக் காலைல அந்தத் தொப்பிக்காரர் வந்து, உன்னைப் பாக்கத்தான் போறேன்னாரு, உன்கிட்ட கொடுக்கச் சொல்லி அவர் கையிலயே கொடுத்தனுப்பினேன். வந்து சேர்ந்துதா?"

அவள் பிஸ்கட் பொட்டலத்தைத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு படியிறங்கிப் போனாள்.