உன் நல்லதுக்குத்தான், இசபெல்

தங்களுடைய வாழ்க்கையை மேம்படுத்திக்கொள்பவர்கள் ஒரு ரகம். அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. தங்கள் வாழ்க்கை மேம்பட்ட கையோடு அடுத்தவர் வாழ்க்கையையும் மேம்படுத்தக் கிளம்புகிறவர்கள் இன்னொரு ரகம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கையிலிருக்கும் எண்ணெய் வடியும் ரோல்ஸைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பிறகு, "நானும் முந்தி இப்பிடித்தான் இருந்தேன்" என்று தொடங்குவார்கள். அது காதில் விழுந்ததும் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

இறங்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். அந்த ரகத்தைக் கல்யாணம் கட்டிக்கொண்டவர்கள்.

இலங்கை மலையகத்து டயகமவில் இசபெல் அப்படி ஒருத்தி. கணவர் அந்தோனிமுத்து சேர் கணித ஆசிரியர். குடிக்கமாட்டார், சத்தம்போட மாட்டார், ஞாயிறு பூசை தவறமாட்டார். ஒரு போத்தல் வந்துதான் அவரைக் கெடுத்தது. மூடியைத் தொட்டால் உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை இலக்கத்தில் காட்டும் போத்தல். போனில் ஓடர் பண்ணி வந்தது. அதை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோனார், கோவிலுக்குக் கொண்டுபோனார், ஒரு மரண வீட்டுக்கும் கொண்டுபோய், அழுதுகொண்டிருந்தவர்களிடம் மூடியைத் தொட்டுக் காட்டினார்.

அடுத்து, பாதத்தை வைத்து உருட்டும் முள்ளுக்கட்டை வந்தது. பிறகு, சூரிய உதயம் போல மெல்ல மெல்ல வெளிச்சம் கூடி ஆளை எழுப்பும் விளக்கு. பனிமூட்டம் விலகாத ஊரில் சூரியனே அப்படி வேலை செய்வதில்லை. பிறகு, விடியற்காலையில் புல்லில் வெறுங்காலோடு நடக்கும் பழக்கம். முதல் நாளே இரண்டு காலிலும் அட்டைகளோடு திரும்பினார்.

"அது கெட்ட ரத்தத்தத்தான் குடிக்குது, இசபெல். நல்லதுதான்."

இசபெல் உப்பை எடுத்துத் தடவினாள்.

எல்லாவற்றையும் அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. காரணம், நாலு மணித் தேத்தண்ணி. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் குழந்தைகளை நாள் முழுக்கத் தூக்கி, துடைத்து, தூங்கவைத்துவிட்டு வருகிறவள் அவள். வீட்டுக்கு வந்ததும் பால்மாவைக் கெட்டியாகக் கரைத்து, சீனியைக் குவித்துப் போட்டு, குசினி ஜன்னலோரம் உட்கார்ந்து குடிப்பாள். அந்தக் கோப்பை காலியாகும் வரை அவளை யாரும் கூப்பிடுவதில்லை. வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்த ஒரே ஆடம்பரம்.

சேருடைய கண் அங்கே போகாமல் இருக்குமா?

முதலில் சீனி போனது. சீனி டின்னில் வெந்தயம் குடிவந்தது. பிறகு பால்மா. கடைசியில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுத் தேயிலையையும் நிறுத்தினார். பின்பக்க வேலி வரைக்கும் தேயிலை வந்து நிற்கிற அந்த வீட்டில், வந்தவர்களுக்கு எலுமிச்சைத் துண்டு மிதக்கும் சுடுதண்ணீர் கொடுக்கப்பட்டது. வந்தவர்கள் அதைக் குடித்து முடித்து, இனித் தேத்தண்ணி வரும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

இசபெல் சண்டை பிடிக்கவில்லை. இந்த ரகத்தோடு சண்டை பிடிக்க முடியாது. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று அன்பாகப் பார்ப்பவரை என்ன செய்வது?

அவள் வீட்டுக்கு வரப் பிந்தத் தொடங்கினாள். தாய்மார் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரச் சுணங்குகிறது என்றாள். உண்மையில் அவள் பக்கத்து வீட்டில் இருந்தாள். பஜாரில் பேன்சிக் கடை வைத்திருக்கும் பைஸரின் மனைவி செரீபாவின் குசினியில். இஞ்சி தட்டிப் போட்டு, நுரை பொங்க ஆற்றிய தேத்தண்ணி. குடித்து முடித்து எழும்பும்போது ஒரு ஏலக்காயை வாயில் போட்டு மெல்லுவாள், வாசம் காட்டிக்கொடுக்காமல் இருக்க. குடிகாரர்கள் செய்கிற வேலை என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாளும் போனாள்.

ஒரு நாள் செரீபாவின் முழங்கால் வலியை மேம்படுத்துவதற்காக முள்ளுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு சேர் பக்கத்து வீட்டுக்குப் போனார். வாசல் திறந்திருந்தது. உள்ளே இசபெல், தேத்தண்ணிக் கோப்பையின் மேல் ஒரு விரலை வைத்து, கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, "நானும் முந்தி இப்பிடித்தான் இருந்தேன், செரீபா!" என்றாள். செரீபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இசபெலும் சிரித்தாள். நிமிர்ந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார்.

அவள் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"எத்தன நாளா இது?" என்றார்.

"நீங்க சீனிய எடுத்த நாள்லருந்து."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேங்க. நீங்க வெந்தயத் தண்ணி குடுத்தீங்க."

செரீபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சேர் முள்ளுக்கட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"நம்ம வீட்ல இருக்கறது எல்லாமே நல்லதுதாங்க" என்றாள் இசபெல். "எனக்குன்னு ஒன்னே ஒன்னு கெட்டதா இருந்துட்டுப் போகட்டுமே."

அவர் அங்கிருந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நீ சிரிச்சு நான் பாத்தே ரொம்ப நாளாச்சு" என்றார் கடைசியில்.

செரீபாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது அந்த ஊரில் எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். ஒரு கோப்பை தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்தார். அவருடைய கண் கலங்கியதை இசபெல் பார்த்தாள். அன்று அவரே பஜாருக்குப் போய்ச் சீனியும் பால்மாவும் வாங்கி வந்தார். இசபெல் புனித அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினாள்.

மெழுகுதிரியைக் கொஞ்சம் அவசரப்பட்டு ஏற்றிவிட்டாள்.

மறுநாள் ஆசிரியர் அறையில் சேர் அறிவித்தார்: "நாலு மணிக்கு, அடுத்த வீட்ல, சீனி தூக்கலா ஒரு தேத்தண்ணி. கூடவே வாய்விட்டுச் சிரிக்கணும். ஆயுள் கூடும். நான் கண்ணால பாத்தேன்." அந்தக் கிழமையே சக ஆசிரியர்கள் சிலரோடு செரீபாவின் குசினிக்கு வந்து, எவ்வளவு உயரத்திலிருந்து ஆற்றினால் நுரை நல்லது என்று அவளுக்கே விளக்கினார். பைஸருக்குத் தன் வீட்டில் நிற்க இடமில்லை.

இப்போது இசபெலும் செரீபாவும் பேன்சிக் கடையின் பின்னறையில், பிளாஸ்டிக் வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். வீட்டில் சீனி இருக்கிறது, பால்மா இருக்கிறது. ஆனால் வீட்டில் குடித்தால் அவர் எதிரில் உட்கார்ந்து சிரிக்கச் சொல்கிறார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒருவருடைய முகம் ஞாபகம் வந்திருக்கும். இதை அவருக்கு அனுப்பினால் கொஞ்சமாவது திருந்துவார் என்று தோன்றியிருக்கும். கை போனுக்குப் போயிருக்குமே? போனைக் கீழே வையுங்கள். அந்தோனிமுத்து சேரும் இப்படித்தான் தொடங்கினார்.